வந்து நிற்கும் வெள்ளிக்கிழமை

ரம்யா டீச்சர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்றதும் என் இடத்தில் கணக்குப் பாடத்துக்கு வந்தவள். பழைய மாணவர் கூட்டத்துக்கு மலர் போடுகிறார்களாம். அதற்கு என்னிடம் கட்டுரை கேட்டாள்.

"நம்ம மேல்படிப்பு உதவியப் பத்தி நீங்கதான் எழுதணும் டீச்சர். பழைய ஏற்பாடெல்லாம் கூட நின்னு பாத்தவங்க அல்லே? நல்லதா ஒரு ரெண்டு பக்கம் மதி, கூடுதல் வேண்டாம்" என்றாள்.

இன்னொரு செய்தியும் சொன்னாள். உதவி பெற்ற பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வந்து பேசும் வழக்கத்தை இனி வீடியோவாக்கப் போகிறார்கள். இருந்த இடத்திலிருந்தே கைப்பேசியில் பேசி அனுப்பினால் போதும், வகுப்புத் திரையில் போட்டுக் காட்டுவார்களாம். "காலாகாலத்துக்கும் இருக்கும் டீச்சர்" என்று அவள் மகிழ்ந்து சொன்னபோது எனக்குக் காபி கசந்தது. சர்க்கரை போட்ட காபிதான்.

'நல்லதா' எழுத எனக்கு வராது. இரண்டு பக்கத்துக்குள்ளும் அடங்காது. போடுவதும் போடாததும் மலர்க்குழுவின் பாடு.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாகர்கோவிலில் பி.எட். முடித்தேன், யாரோ பிரசவ விடுப்பில் போன இடங்களிலெல்லாம் மாற்று ஆசிரியையாக நின்றேன், மலையாளத்துத் தலைநகரில் ஸ்ரீவராகத்தில் வாழ்க்கைப்பட்டேன், கோட்டைக்குத் தெற்கே இருக்கும் இந்தப் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் நிரந்தரமானேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அதே கரும்பலகைதான். நான் சேர்ந்தபோது தமிழ்ப் பிரிவில் இடம் கேட்டுச் சிபாரிசோடு வருவார்கள். நான் கிளம்பும்போது பிள்ளை பிடிக்க நாங்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தோம். கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் திருநெல்வேலி, தென்காசிப் பக்கமிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குகிறவர்களின் பிள்ளைகள், மலையில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். பள்ளி முடித்ததும் பாதிப் பேர் அப்பன் வேலைக்கே போய்விடுவார்கள்.

அதைப் பொறுக்க முடியாமல்தான் தலைமையாசிரியர் ஞானதாஸ் சார் இந்த உதவியைத் தொடங்கினார். கடைத்தெருவில் நல்ல நிலையில் இருந்த பழைய மாணவர்களைப் பிடித்து ஒரு கமிட்டி வைத்தார். எங்கள் பள்ளியில் படித்து முடித்த பிள்ளை கல்லூரிக்குப் போனால் முதல் ஆண்டுச் செலவு முழுவதும் கமிட்டி பார்த்துக்கொள்ளும். அடுத்த ஆண்டுகளுக்கு அரசாங்கச் சலுகைகள் உண்டு. முதல் படியில் ஏற்றிவிட்டால் பிள்ளை தானே ஏறிவிடும் என்பது அவர் நம்பிக்கை. நான் கமிட்டிக்குக் காரியதரிசி. உண்மையில் கூட நிற்கிற ஆள்.

ஞானதாஸ் சார் பாறசாலைக்காரர். உயரமான மனிதர், சட்டைக் கையை எப்போதும் மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருப்பார். அவர் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையே தனி. விண்ணப்பம் கிடையாது. மதிப்பெண் பட்டியல் கேட்கமாட்டார். பள்ளி விட்டதும் தாய் தகப்பனோடு பிள்ளையை அறைக்கு வரச் சொல்வார். தன் நாற்காலியில் தாயை உட்கார வைப்பார். அந்த அம்மாள் நுனியில் ஒட்டிக்கொண்டு தவிப்பாள். "நல்லா சாஞ்சு இரிங்கம்மா, அது சர்க்கார் நாற்காலியாக்கும், ஒடையாது" என்பார். எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு வரும். அவர் மட்டும் சன்னலோரம் நின்றுகொண்டே இருப்பார். பிள்ளையைப் பேசவிட்டு அதன் முகத்தையே பார்ப்பார்.

நான் ஒருமுறை மதிப்பெண்ணையும் பார்க்கலாமே என்றேன்.

"பேப்பர் கள்ளம் சொல்லும் டீச்சர். மொகம் சொல்லாது. நானும் எத்தன பிள்ளையளப் பாத்திருக்கேன்" என்றார்.

எழுத்தில் வாங்காத மனிதர் வாயால் ஒரு வாக்கு மட்டும் வாங்குவார். பள்ளி திறக்கும் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, படிப்பு முடியும்வரை ஒவ்வோர் ஆண்டும், வந்து பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும். "வந்து நிக்கணும் கேட்டியா. அது மட்டும் போரும்" என்பார்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் ஒரு திருவிழாதான். ப்ளஸ் டூ தமிழ்ப் பிரிவு முழுவதையும் ஓவிய வகுப்பில் உட்கார வைப்போம். மேடை கூடாது, மைக் கூடாது. வந்த பிள்ளை கரும்பலகைப் பக்கம் வெறுந்தரையில் நின்று பேச வேண்டும். தன் பெயர், தகப்பன் வேலை, இப்போது படிக்கும் படிப்பு, அதில் பட்ட சிரமம், அதைத் தாண்டிய விதம். சார் வாசலில் கைகட்டி நிற்பார். ஆசிரியர்கள் கேள்வி கேட்கக் கூடாது, பிள்ளைகள் கேட்கலாம். முடிந்ததும் ஆசிரியர் அறையில் எங்கள் நாற்காலியில் அவர்களை உட்கார வைத்து டீயும் பழம்பொரியும் கொடுப்போம். நேற்றுவரை அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற பிள்ளைகள் அவர்கள்.

பலன் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பரோட்டா போடுகிறவரின் மகன் மருந்தாளுநர் ஆனான். கொத்தனார் மகள் ஒருத்தி வங்கியில் இருக்கிறாள். அவர்கள் வந்து நின்றதைப் பார்த்துத்தான் பின்னால் வந்தவர்கள் கல்லூரி வாசலை மிதித்தார்கள். அவர்கள் மலரில் நிறையவே வருவார்கள். நான் செல்வராணியைப் பற்றிச் சொல்கிறேன். அவள் பெயரையும் வீட்டார் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

செல்வராணியின் வீடு மலையில், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில். அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறிக்கிறவள். அந்தப் பெண் நகரத்தில் விடுதியில் தங்கி எங்களிடம் படித்தாள். கணக்கில் கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன், சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் செய்வாள். ஆனால் சின்ன வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு அவள் பாடம் சொல்லும்போது நான் வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறேன். எனக்கே பொறாமையாக இருக்கும்.

அம்மாவோடு சாரின் அறைக்கு வந்தாள். அம்மா அந்த நாற்காலியில் கடைசிவரை சாயவில்லை.

"எனக்கு டீச்சர் ட்ரெயினிங் படிக்கணும் சார்" என்றாள் செல்வராணி.

சார் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "டீச்சர்மாரு இங்க நெறைய உண்டு பிள்ள. மலையிலேருந்து ஒரு எஞ்சினியர் இதுவரைக்கும் வரல்ல. நீ வரணும். ஒன் மொகத்துல அது இருக்கு."

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சாரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். முடிந்தது. அவர்கள் போனபிறகு, "அவளுக்கு அது ஒத்துவருமா சார்?" என்று கேட்டேன். "நீங்க எப்பவும் ஒரு சந்தேகத்தோட வருவீங்க" என்று சிரித்தார். அவர் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. அதனால்தான் அவரோடு சண்டை போடவும் முடியவில்லை.

முதல் முறை வந்து நின்றபோது செல்வராணி நன்றாகப் பேசினாள். தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு எல்லோரும் வந்து தன்னைப் பார்த்துவிட்டுப் போனதைச் சொன்னாள். பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால் சிரமம் என்றும், அகராதி வைத்துக்கொண்டு சமாளிப்பதாகவும் சொன்னாள். டீ குடிக்கும்போது என் வழக்கப்படி, "கணக்குல என்ன போகுது?" என்று கேட்டேன். "மேட்ரிக்ஸ் டீச்சர். அதுல ரேங்க் கண்டுபிடிக்கிறது" என்றாள். நாங்கள் இருவரும் ஒரு காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

அடுத்த ஆண்டும் வந்தாள். பேச்சு இன்னும் மெருகேறியிருந்தது. பிள்ளைகளைச் சிரிக்க வைத்தாள். நான் கேட்டதற்கு மேட்ரிக்ஸ் என்றாள். கூட்ட அவசரத்தில் விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த ஆண்டும் வந்தாள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை, கையில் கோப்பு. சொல்லுக்குச் சொல் அவ்வளவு சுத்தமான பேச்சு. வாசலில் நின்ற ஞானதாஸ் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது அவருடைய கடைசி ஆண்டு. ஆசிரியர் அறையில் அவள் பழம்பொரியைப் பிட்டபடி இருந்தபோது கேட்டேன்.

"என்ன பாடம் போகுது?"

"மேட்ரிக்ஸ்தான் டீச்சர். ரேங்க் கண்டுபிடிக்கிறது."

எனக்குத் துணுக்கென்றது. மூன்றாம் ஆண்டுக்காரி முதல் ஆண்டுப் பாடத்தைச் சொல்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சமும் அசையவில்லை. தெளிவான, சந்தோஷமான முகம்.

அன்று அவளோடு நானும் கிளம்பினேன். என் வீடு வேறு பக்கம். ஆனாலும் கிழக்கேகோட்டைப் பக்கம் கூட நடந்தேன். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் வரும்போது யாரோ வேண்டுதலுக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நிறுத்தி, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"செல்வராணி, நீ எப்போ நிறுத்தினே?"

"என்னது டீச்சர்?"

"படிப்பை."

தேங்காய் சிதறுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுப்பாள் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் எனக்கும் வீட்டுக்குப் போகச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"செகண்ட் இயர்ல டீச்சர். பேப்பர் எல்லாம் போச்சு. இயர் அவுட் ஆயிட்டேன். பின்ன போகல."

"இப்போ எங்கே இருக்கே?"

"இங்கதான். அந்தத் துணிக்கடையில நிக்கேன்." எதிர்ப்பக்கத்து மாடிக்கட்டடத்தைக் காட்டினாள். "இன்னைக்கு அரை நாள் லீவு சொல்லிட்டு வந்தேன்." சொல்லிக்கொண்டே அடையாள அட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள். கடைக்குள் அதோடு போக முடியாது அல்லவா.

பக்கத்து டீக்கடையில் உட்கார வைத்தேன். அங்கே அவள் பேசிய பேச்சுக்கும் ஓவிய வகுப்பில் பேசிய பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை. சொல் சொல்லாகத் தேடிப் பேசினாள்.

"ஒண்ணும் மனசிலாகல டீச்சர். சார் இங்கிலீஷ்ல தொடங்குவாரு, சந்தேகம் கேட்டா மலையாளத்துல சொல்லுவாரு. கிளாஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். எதுக்குச் சிரிச்சோம்னு தெரியாது. ராத்திரி ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில் பிள்ளகிட்ட கேப்பேன். கொறச்சு நாள் சொல்லித் தந்தா. பின்ன அவளுக்கும் மடுத்து அலுத்துப் போச்சு."

"என்கிட்ட வந்திருக்கலாமே."

"வரணும்னு வந்தேன் டீச்சர். ரெண்டாம் வருஷம் அந்த வெள்ளிக்கிழமைதான் வந்தேன். உள்ள வந்ததும் சார் எல்லார்கிட்டயும் 'நம்ம எஞ்சினியரு வந்தாச்சு'ன்னு சொல்லிட்டாரு."

அந்த ஆண்டு சார் அப்படிச் சொன்னது எனக்கும் நினைவிருந்தது. நாங்களெல்லாம் கை தட்டினோம்.

"சரி, இனிமே வராம இருந்துடக் கூடாதா?"

"வராட்டி சார் மலைக்கு ஆளனுப்புவாரு. அம்மாக்குத் தெரிஞ்சிடும்." குனிந்துகொண்டே சொன்னாள். "அதுவும் அல்ல டீச்சர். அங்க நின்னு பேசும்போது நான் இப்பவும் படிக்கிறேன்னு எனக்கே தோணும். அது முடிஞ்சு கடைக்கு வந்தாத்தான் கஷ்டம்."

நான் அழுதுவிட்டேன். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்கு இன்னும் ஆசிரியப் பயிற்சி ஆசை இருந்தது. வயதும் இருந்தது, அடுத்த ஆண்டோடு வரம்பு முடியும். கடைச் சம்பளத்தில் அம்மாவுக்கும், எங்கள் பள்ளியிலேயே படித்துக்கொண்டிருந்த தங்கை கலாவுக்கும் அனுப்பிவிட்டு, வேலையை விட்டுவிட்டுத் தானாகப் படிக்க வழியில்லை. கமிட்டி இன்னொரு முறை கை கொடுத்தால் படிக்கலாம். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு முறைதான் என்பது சார் வைத்த வழக்கம்.

அந்த வழக்கத்தை மாற்றுவது என்று முடிவு செய்தேன். வீட்டில் சொன்னபோது என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். "நோக்கு ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. எல்லாரையும் நீயே கரையேத்தணும்னு எழுதியிருக்கா? பேசாம இரு" என்றார். பேசாமல் இருந்து பழக்கமில்லாததால் கமிட்டியில் பேசினேன்.

கமிட்டி ஆண்டுக் கடைசியில்தான் கூடியது. அதற்குள் ஞானதாஸ் சார் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் கமிட்டித் தலைவர் அவரேதான். பெயர் சொல்லாமல் சொன்னேன். நம் உதவியில் சேர்ந்த ஒரு பிள்ளை படிப்பை விட்டுவிட்டது, வேறு படிப்புக்கு மறுபடி ஒருமுறை உதவ வேண்டும் என்றேன். கமிட்டியில் இருந்த கடைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இதை ஒப்புக்கொண்டால் எல்லோரும் பாதியில் விட்டுவிட்டு வருவார்கள் என்று ஒருவர் சொன்னார். சார் அவரைக் கையமர்த்தினார்.

"ஆரு பிள்ள?"

"அவளே சொல்லட்டும் சார். நான் சொல்றது முறையில்லை."

சார் யோசித்தார். நான் எதிர்பார்க்காத அளவுக்கு மென்மையாகப் பேசினார். "செரி. விழுந்த பிள்ளையத் தூக்காம இருக்கப்பிடாது. பள்ளி தொறந்ததும் அந்த வெள்ளிக்கிழம வந்து நிக்கட்டு. நடந்தத அப்படியே பிள்ளையளுக்கு முன்னால சொல்லட்டு. மத்த பிள்ளையளுக்கும் அது ஒரு பாடமாக்கும். பின்ன ஆரு வேண்டாம்னு சொல்லுவா?"

தனியாக என்னிடமோ கமிட்டியிடமோ சொன்னால் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். நம்ம முறை அதுதான் டீச்சர் என்று முடித்துவிட்டார். அந்த மட்டுக்கும் சம்மதித்தாரே என்று வந்தேன்.

செல்வராணியிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கடைப் படிக்கட்டில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடுவேன் டீச்சர். மொத அம்மாகிட்டயும் கலாகிட்டயும் சொல்லிட்டு, பின்ன அங்க சொல்லுவேன்." பயிற்சி நிறுவனத்துக்கு மனுவும் போட்டாள். கமிட்டி சரி என்றதும் சேர வேண்டியதுதான். அந்த விடுமுறை முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன். அவள் நல்ல ஆசிரியை ஆவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வேலையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய வெகு சில காரியங்களில் அது ஒன்று.

பள்ளி திறந்தது. வியாழக்கிழமை கடைக்குப் போய்க் கேட்டேன். "அம்மாகிட்ட சொன்னியா?"

"மலைக்குப் போனேன் டீச்சர். லயத்துல பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வந்து உக்காந்தாங்க. அவங்க பிள்ளைய என்ன படிக்க வைக்கலாம்னு என்கிட்ட கேக்காங்க. அம்மா சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்துட்டே இருக்கா. சொல்ல முடியல." உடனே, "கொழப்பமில்ல டீச்சர். நாளைக்கு ஸ்கூல்ல சொல்லிடுவேன். அங்க சொன்னா பின்ன வீட்ல சொல்றது எளுப்பம்" என்று சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை மழை. ஓவிய வகுப்பில் விளக்குப் போட்டிருந்தோம். கமிட்டிக்காரர்கள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஞானதாஸ் சார் பழைய இடத்தில், வாசலில் கைகட்டி நின்றார். கலா அந்த ஆண்டு ப்ளஸ் டூ, அதனால் அவளும் அங்கே இருக்க வேண்டியவள்தான். கூட்டத்தில் ஒருத்தியாக எங்காவது இருந்திருப்பாள். ஆனால் அக்கா வருகிறாள் என்று தோழிகள் அவளை முன்வரிசைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

செல்வராணி வந்தாள். அன்று கழுத்தில் அடையாள அட்டை இல்லை. அதைக் கண்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கரும்பலகைப் பக்கம் போய் நின்றாள். தன் பெயரைச் சொன்னாள். அம்மா வேலையைச் சொன்னாள்.

"எஞ்சினியரிங் சேர்ந்தப்போ எனக்கு ஒண்ணும் மனசிலாகல" என்று தொடங்கினாள். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். இதோ சொல்லிவிடுவாள்.

கொஞ்சம் நிறுத்தினாள். நான் கண்ணைத் திறந்தேன். கலா கன்னத்தில் கை வைத்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி இருந்த பெண்களும் அப்படித்தான்.

"ஆனா விட்டுடல. அகராதி வெச்சுப் படிச்சேன்" என்றாள் செல்வராணி.

அதற்குப் பிறகு வந்தது பழைய பேச்சு. ஒரு சொல் மாறவில்லை. சிரிக்க வைக்கும் இடத்தில் சிரிக்க வைத்தாள். கடைசி ஆண்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள். "அக்கா, வேலை எங்க கிடைக்கும்?" என்று ஒரு பையன் கேட்டான். டெக்னோபார்க்கில் பார்ப்பதாகச் சொன்னாள். ஓவிய வகுப்பே கை தட்டியது. கலா எழுந்து நின்று தட்டினாள்.

நான் மட்டும் கை தட்டவில்லை. தட்டியிருந்தால் அந்த நேரத்தில் யாரையாவது அறைந்திருப்பேன் போலிருந்தது. யாரை என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் சார் என் பக்கம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா டீச்சர், நான் அன்னைக்கே சொன்னேன் அல்லவா, அந்தப் பிள்ள மொகத்துல அது இருக்குன்னு." பிறகு சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அந்த இன்னொரு பிள்ள? படிப்ப விட்ட பிள்ள? அது வரல்லியே?"

கலா பக்கத்திலேயே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வரல்லை சார்" என்றேன்.

"பாவம். வெக்கப்பட்டிருக்கும்" என்றார். கமிட்டிக்காரர்களும் தலையாட்டினார்கள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த ஆண்டு உதவி கலாவுக்கு என்று அப்போதே வாய்வழியாக முடிவும் செய்தார்கள்.

வாசல் வரை செல்வராணியோடு போனேன். குடையை விரிக்காமல் நின்றாள்.

"வாயத் தொறந்ததும் அதுதான் டீச்சர் வருது" என்றாள். "நான் என்ன செய்ய?"

திட்ட வேண்டும் என்றுதான் போனேன். அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு சாரின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவதாக அவளிடம் கேட்டுப் பார்த்தேன். காலில் விழாத குறையாகத் தடுத்தாள். சொன்னால் கலாவுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துவிடுவார்கள் என்று பயந்தாள். சார் எடுத்திருக்கமாட்டார் என்று நான் நம்புகிறேன். ஆனால் மற்றவர்களைப் பற்றி அந்த உறுதியை என்னால் கொடுக்க முடியவில்லை. பயிற்சி நிறுவனத்துச் சேர்க்கை முடிந்தது. வயது வரம்பும் தாண்டியது. நான் ஓய்வு பெற்றேன்.

அவள் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறாள். பட்டுப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். மலையில் அவளை இன்று வரைக்கும் எஞ்சினியர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கலா அவளோடு ஒரே அறையில் தங்குகிறவள், அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஞானதாஸ் சார் தெரியாமலே போன ஆண்டு இறந்துபோனார். அவர் படத்துக்கு மாலை போட்டவர்களில் செல்வராணியும் உண்டு.

ரம்யா, இதை வீடியோ ஆக்கப் போவதாகச் சொன்னாய். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வீடியோவும் வேண்டாம், வந்து நிற்பதும் வேண்டாம். அந்தப் பிள்ளைகளை யார் முன்னாலும் நிறுத்தாதீர்கள். யாராவது ஒருவர் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். கூட உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும்வரை சும்மா இருங்கள். பிள்ளைகள் கை தட்டும் சத்தம் காதில் விழுகிற இடத்தில் அவர்களால் உண்மை சொல்ல முடியாது.

போன மாதம் என்னையும் அந்த வெள்ளிக்கிழமைக்குக் கூப்பிட்டிருந்தாய் அல்லவா? அன்று கலா வந்து நின்றாள். பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் ஆண்டு. நன்றாகப் பேசினாள். அக்காவைவிட நன்றாகவே பேசினாள். ஆசிரியர் அறையில் என்னைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"டீச்சர், போன வருஷம் கால்குலஸ். இந்த வருஷம் ரியல் அனாலிசிஸ் தொடங்கியாச்சு. அடுத்த வருஷம் காம்ப்ளக்ஸ் அனாலிசிஸ்" என்றாள்.

நான் ஒன்றுமே கேட்கவில்லை.

"டீச்சர் கண்டிப்பா கேப்பாங்கன்னு அக்கா சொல்லி விட்டா" என்று சிரித்தாள்.

பாடமெல்லாம் சரியான பாடம்தான், ஆண்டும் சரியான ஆண்டுதான். உண்மையாகவே படித்துக்கொண்டும் இருக்கலாம். இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அன்று அவள் எதிரில் நின்றபோது ஞானதாஸ் சாரைப் போலவே நானும் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தேன். தெளிவான, சந்தோஷமான முகம். செல்வராணியின் முகமும் அப்படித்தான் இருந்தது.